ஊர் அபிவிருத்தி வேலைகளில் சபைக்கு என்ன அதிகாரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளூராட்சி அலுவலகங்களில் நீண்ட காலம் பணியாற்றியபோதும், ஓய்வுபெற்ற பின்னர் சனசமூக நிலையக் கூட்டங்களுக்குப் போய்வரும்போதும், திரும்பத் திரும்ப ஒரே ஐயங்களையே கேட்டு வருகிறேன். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தந்து, யாழ்ப்பாண மாவட்டத்தை மனத்திற்கொண்டு விடையளித்திருக்கிறேன். சுற்றுநிருபங்களால் அடிக்கடி மாறும் தொகைகளையும் கட்டணங்களையும் இங்கே குறிப்பிடவில்லை. அவற்றை அந்தந்தச் சபை அலுவலகத்திலேயே கேட்டறிய வேண்டும்.

1. பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றுதானே? ஒழுங்கை திருத்துவதற்கு யாருக்குக் கடிதம் எழுத வேண்டும்?

இரண்டும் ஒன்றல்ல. பிரதேச செயலகம் அரசாங்கத்தின் நிருவாகக் கிளை. அதன் தலைவரான பிரதேச செயலாளர் நியமிக்கப்படும் அலுவலர். கிராம அலுவலர், அரச காணி, அனர்த்த நிவாரணம், நலன்புரிக் கொடுப்பனவு ஆகியன அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை. பிரதேச சபையோ மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் உள்ளூராட்சி மன்றம். உள்ளூர் வீதிகள், தெருவிளக்கு, வடிகால், குப்பை அகற்றல், சந்தை, மயானம், பொது நூலகம் ஆகியன சபையின் பொறுப்பு. எனவே ஒழுங்கை பற்றிய கடிதம் சபைக்கே போக வேண்டும்.

குழப்பத்துக்கு ஒரு காரணம் ஊரிலுள்ள சங்கங்கள். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் பிரதேச செயலகத்தினூடாக இயங்குகின்றன. சனசமூக நிலையம் உள்ளூராட்சிப் பக்கத்தில் பதிவு பெறுகிறது. மூன்றிலும் பெரும்பாலும் அதே ஆட்களே இருப்பதால், எந்தத் தொப்பியோடு எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பதை அவர்களே மறந்துவிடுகிறார்கள்.

2. மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை எல்லாவற்றுக்கும் ஒரே சட்டமா?

இல்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் 17 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன: யாழ்ப்பாணம் மாநகர சபை, சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை ஆகிய மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள். மாநகர சபைக்கு 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், நகர சபைகளுக்கு 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமும் ஏற்புடையன. பருத்தித்துறைக்கும் சாவகச்சேரிக்கும் நகர சபை வேறு, பிரதேச சபை வேறு என்பதைக் கவனிக்கவும். தவறான சபைக்குப் போன கடிதம் மாதக்கணக்கில் கோப்பில் உறங்கும்.

மூன்று சட்டங்களின் அடிப்படை ஒன்றே என்பதால், கீழே ‘சபை’ என்று பொதுவாகவே எழுதுகிறேன். வேறுபாடு முக்கியமாகும் இடத்தில் அதைச் சுட்டுகிறேன்.

3. மக்களுக்கு நன்மையான எந்த வேலையையும் சபை செய்யலாம் அல்லவா?

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். சபை உறுப்பினர்கள் சிலரும் அதில் அடங்குவர். சபை சட்டத்தால் உருவாக்கப்பட்ட கூட்டுருவம். தனி மனிதர் சட்டம் தடுக்காத எதையும் செய்யலாம். சபையோ சட்டம் தந்த அதிகாரத்துக்குள் மட்டுமே செயற்படலாம். அதற்கு வெளியே எடுத்த தீர்மானம் ஏகமனதானதாக இருந்தாலும் செல்லாது.

இந்த எல்லை பலர் நினைப்பதைவிட விரிவானது என்பதையும் சொல்ல வேண்டும். பிரதேச சபைகள் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் ஆகியவற்றின் ஒழுங்குபடுத்தலையும் நிருவாகத்தையும், பொதுவாக மக்களின் வசதி, நலன் ஆகியவற்றின் பாதுகாப்பையும் மேம்பாட்டையும் சபையிடம் ஒப்படைக்கிறது. 19ஆம் பிரிவு அதிகாரங்களை வரிசையாகக் கூறுகிறது. ஆகவே வாசிகசாலை, பூங்கா, விளையாட்டு மைதானம், முன்பள்ளி போன்றவற்றுக்கு அதிகாரம் இல்லையென்று சபை கைவிரிப்பது அரிதாகவே நியாயமாகும். சிக்கல் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது: வேலை நடக்கவேண்டிய நிலம் யாருடையது, பணம் பாதீட்டில் உண்டா என்ற இரண்டிலுமே. இந்தப் பக்கத்தின் மிகுதிக் கேள்விகளில் பெரும்பாலானவை இவற்றைச் சுற்றியே வருவதைக் காண்பீர்கள்.

4. எங்கள் ஊரின் பிரதான வீதி குன்றும் குழியுமாகக் கிடக்கிறது. சபை ஏன் பேசாமல் இருக்கிறது?

அது சபையின் வீதியாக இல்லாமல் இருக்கலாம். ‘ஏ’, ‘பி’ வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், ‘சி’, ‘டி’ வகுப்பு வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும் உரியவை. மிகுதியான உள்ளூர் வீதிகளே சபையினுடையவை. வயலுக்குள் போகும் சில பாதைகள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். சபை அலுவலகத்திலுள்ள வீதிப் பதிவேட்டைக் கேட்டுப் பார்த்தால் ஐயம் தீரும்.

5. எங்கள் கையொழுங்கையில் பதினைந்து குடும்பங்கள் இருக்கின்றன, சோலைவரியும் கட்டுகிறோம். கொங்கிறீற் போட்டுத் தரச் சபை ஏன் மறுக்கிறது?

என்னிடம் மிக அதிகமாக வந்த கேள்வி இதுதான். யாழ்ப்பாணத்தில் ஒரு வளவு பிள்ளைகளுக்குப் பிரிக்கப்படும்போது, உள்ளே போவதற்கு ஒரு பாதை விட்டு, ‘வழிவாய்க்கால் உரித்து’ என்று உறுதியில் எழுதுவது வழக்கம். இரண்டு தலைமுறைக்குப் பின் அதில் பல வீடுகள் எழுந்து, தபாற்காரரும் பால்காரரும் போய்வந்தாலும், நிலம் இன்னமும் பங்காளிகளின் தனியார் சொத்தே. பாவனையால் மட்டும் அது சபையின் வீதியாகிவிடுவதில்லை. சோலைவரி உங்கள் ஆதனத்தின் ஆண்டுப் பெறுமதியின்மீது அறவிடப்படும் வரி. ஒழுங்கையின் உரித்தோடு அதற்குத் தொடர்பில்லை.

தனியார் நிலத்தில் பொதுப்பணத்தைச் செலவிட்டால் கணக்காய்வில் அந்தச் செலவு நிராகரிக்கப்பட்டு, அதற்குப் பொறுப்பானவர்களிடமிருந்தே தொகையை அறவிடும் நிலை வரலாம். சபைச் செயலாளர் கோப்பில் ‘தனியார் பாதை’ என்று எழுதித் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இந்த அச்சத்தினாலேயன்றி வன்மத்தினாலன்று.

வழி இருக்கிறது, ஆனால் உழைப்பு உங்களுடையது. அனுமதிபெற்ற நில அளவையாளரைக் கொண்டு ஒழுங்கையை அளந்து வரைபடம் பெறுங்கள். உரித்துள்ள அனைவரும் அந்தத் துண்டை நன்கொடை உறுதி மூலம் சபைக்கு ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தினூடாக அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் கையொப்பமிட இங்குள்ள ஒருவருக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) அனுப்பலாம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தனது சீதனக் காணியின் ஒரு பகுதியைக் கொடுப்பதாயின், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் கட்டளைச் சட்டப்படி கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இந்த விதி இன்றைக்குப் பொருந்தாதது என்பது என் கருத்து, ஆயினும் அதை மறந்து எழுதிய உறுதி பின்னர் சிக்கலாகும். இவை முடிந்தபின் சபை தீர்மானம் நிறைவேற்றிப் பாதையைப் பொறுப்பேற்று, பதிவேட்டில் சேர்க்கும். அதன் பின்னர் ‘ஒழுங்கை எங்களுடையது’ என்று படலை போட்டு மூட முடியாது. இதை எல்லோருக்கும் முன்கூட்டியே விளக்கிவிடுவது நல்லது.

6. பதினான்கு பேர் சம்மதம், ஒருவர் மட்டும் காணி தர மறுக்கிறார். சபை அவருடைய துண்டைக் கட்டாயமாக எடுக்க முடியாதா?

சபை தானாக எடுக்க முடியாது. தனியார் காணியைக் கட்டாயமாகப் பெறுவது 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின்படியே நடைபெறும். அந்த அதிகாரம் காணி விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சருக்குரியது. சபை வேண்டுகோள் மட்டுமே விடுக்கலாம். பொதுத் தேவை இன்னதென்று காட்டுதல், அறிவித்தல், உரிமையாளரின் ஆட்சேபனை கேட்டல், நட்டஈடு என்று அது நீளும். பதினைந்து வீட்டு ஒழுங்கை ஒன்றுக்காக எந்தச் சபையும் இந்தப் பாதையில் இறங்குவதை எதிர்பார்க்க வேண்டாம்.

மறுப்பவர் பின்னொரு நாள் மதிலோ கட்டடமோ எழுப்ப விண்ணப்பிக்கும்போது, சபையின் வீதியோரமாயின், சட்டப்படியான இடைவெளியை விடுமாறு நிபந்தனை விதிக்கச் சபைக்கு அதிகாரம் உண்டு. ஏற்கெனவே சபைக்குரிய வீதிக்குள் வேலியைத் தள்ளிப் போட்டிருந்தால் அது வேறு விடயம்: முன்னறிவித்தல் கொடுத்து அந்த அத்துமீறலை அகற்றுவிக்கலாம்.

7. எங்கள் வட்டார உறுப்பினர் செய்து தருவதாகச் சொன்னார். ஒரு வருடமாகியும் ஒன்றும் நடக்கவில்லை. அவர் ஏமாற்றுகிறாரா?

அப்படிச் சொல்வதற்கில்லை. சபை உறுப்பினருக்குத் தனிப்பட்ட நிதியும் இல்லை, அலுவலருக்குக் கட்டளையிடும் அதிகாரமும் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குள்ள பன்முகப்படுத்தப்பட்ட நிதியை மனத்தில் வைத்து இவரிடமும் அதுபோல் ஒன்று இருக்குமென்று மக்கள் எண்ணுகிறார்கள். உறுப்பினர் செய்யக்கூடியது சபை அமர்வில் பிரேரணை கொண்டுவருவது, பாதீட்டில் வேலையைச் சேர்க்க வாதாடுவது. பாதீட்டில் இல்லாத வேலைக்குத் தீர்மானம் இருந்தும் பயனில்லை.

பாதீடு ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டுக்காக முன்கூட்டியே நிறைவேற்றப்பட வேண்டும். அதன் கனதியை யாழ்ப்பாணம் மாநகர சபை 2020 டிசம்பரில் கண்டது: பாதீடு இரண்டாம் முறையும் தோற்கடிக்கப்பட்டதால் அப்போதைய மேயர் பதவியிழந்தார். எனவே உங்கள் கோரிக்கை தை மாதத்தில் வந்தால் தாமதம். ஆவணி, புரட்டாதியில் அலுவலகத்தில் வரைபு தயாராகும்போது வந்தால் இடம் கிடைக்கும். சில சபைகள் முரண்பாட்டைத் தவிர்க்க எல்லா வட்டாரத்துக்கும் சமமாகப் பிரித்துவிடுகின்றன. சட்டத்தில் தவறில்லை, ஆனால் எங்கும் பாதியில் நிற்கும் வீதித்துண்டுகளையே அது பெற்றுத் தருகிறது.

8. சபைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

சோலைவரி, வியாபார உரிமக் கட்டணங்கள், சந்தைக் குத்தகை, காணி கைமாற்றத்தின் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் ஆகியன முக்கிய வருமானங்கள். கடைசி இரண்டும் மாகாண சபையினூடாகச் சபைக்கு வந்துசேர்கின்றன. பெரிய வேலைகளுக்கு மாகாணக் கொடைகளும் வெளிநாட்டு நிதித் திட்டங்களும் உதவுகின்றன. உலக வங்கியின் உதவியுடன் 2010இல் தொடங்கிய ‘நெல்சிப்’ எனும் வடக்கு கிழக்கு உள்ளூர்ச் சேவைகள் மேம்பாட்டுத் திட்டத்தின் பெயர்ப்பலகை இன்றும் பல வீதிகளில் நிற்கிறது. கடன் தேவையாயின் உள்ளூர்க் கடன் மற்றும் அபிவிருத்தி நிதியத்திடம் விண்ணப்பிக்கலாம்.

9. கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் ஊரவர்கள் பணம் தருகிறார்கள். சபையைக் கேளாமல் நாங்களே வேலையைச் செய்யலாமா?

உங்கள் சங்கத்தின் சொந்தக் காணிக்குள் கட்டடம் கட்டுவதானாலும் சபையின் கட்டட அனுமதி வேண்டும். பொதுநோக்கம் என்பதால் விலக்கில்லை. நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிரகடனம் செய்யப்பட்ட பகுதியாயின் அச்சட்டத்தின் விதிகளும் சேரும். வல்வெட்டித்துறை, குருநகர் போன்ற கரையோரங்களில், கடற்கரையிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையிலான கரையோர வலயத்துக்குள் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் தேவைப்படலாம்.

சபையின் வீதியிலோ குளத்திலோ பூங்காவிலோ கைவைப்பதானால், நன்கொடை எவ்வளவு பெரிதாயினும் சபையின் எழுத்துமூல இணக்கம் இல்லாமல் ஒரு மண்வெட்டியும் போடக்கூடாது. நன்கொடையை ஏற்கவும் பிறருடன் உடன்படிக்கை செய்யவும் சபைக்கு அதிகாரம் உண்டு. ஆரியகுளத்தை 2021இல் யாழ்ப்பாணம் மாநகர சபை அறக்கட்டளை ஒன்றின் நன்கொடையுடன் புனரமைத்தது இதற்கு அண்மைய உதாரணம். உடன்படிக்கையில் மூன்று விடயங்கள் தெளிவாக இருக்கட்டும்: வேலையின் தரத்தைச் சபையின் தொழினுட்ப உத்தியோகத்தர் பார்ப்பது, முடிந்தபின் சொத்து சபைக்குரியதாவது, பராமரிப்புச் செலவு யாருடையது என்பது. வீதிக்கு நன்கொடையாளரின் தந்தையார் பெயரை வைப்பதாக யாரும் முற்கூட்டியே வாக்குக் கொடுக்க வேண்டாம். பெயரிடல் பணம் கொடுத்தவரின் உரிமையன்று, அதற்குரிய நடைமுறை தனியானது.

10. வெளியூர் ஒப்பந்தகாரருக்குப் பதிலாக எங்கள் சனசமூக நிலையத்துக்கே சபை வேலையைத் தரலாமா?

தரலாம். அரச பெறுகை விதிகள், பதிவு பெற்ற சமூக அமைப்புகளுக்குக் குறித்த பெறுமதிக்கு உட்பட்ட சிறு வேலைகளை நேரடியாக வழங்க இடமளிக்கின்றன. பதிவு புதுப்பிக்கப்பட்டிருத்தல், வங்கிக் கணக்கு, கணக்காய்வு செய்த வரவுசெலவு ஆகியவை கேட்கப்படும். வேலையை ஏற்றபின் அதே ஒப்பந்தகாரரிடம் கைமாற்றிக் கொடுத்துத் தரகு எடுக்கும் நிலையங்களால்தான் இந்த நல்ல ஏற்பாட்டின் பெயர் கெடுகிறது.

11. ஊர்க்குளத்தையும் கோவில் கேணியையும் தூர்வாரச் சபையிடம் கேட்கலாமா?

முதலில் 4ஆம் கேள்விக்குரிய சோதனையே இங்கும். பயிர்ச்செய்கைக்கு நீர் தரும் சிறு குளங்கள் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வருவன. அங்கே கமக்காரர் அமைப்பும் கமநல சேவை நிலையமும்தான் முதலிடம். கேணி கோவிலின் தர்மகர்த்தாக்களுக்குரியது. சபைக்குரிய குளங்களிலும் வெள்ளவாய்க்கால்களிலுமே சபை நேரடியாக வேலை செய்யலாம். தொல்பொருட் சின்னமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடமாயின் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியின்றி எவரும் தொடக்கூடாது.

12. பக்கத்துக் காணிக்காரர் வெளிநாட்டில். காணி பற்றைக்காடாகி நுளம்பும் பாம்பும் பெருகிவிட்டன. சபை துப்புரவாக்கி அதை விளையாட்டு மைதானமாக்கலாமா?

முதற்பாதிக்கு ஆம், மறுபாதிக்கு இல்லை. பொதுச் சுகாதார அதிகாரத்தின்படி சபை உரிமையாளருக்கு அறிவித்தல் அனுப்பலாம், காணியிலேயே ஒட்டலாம். அவர் செயற்படாவிடின் துப்புரவு செய்து செலவை அவரிடம் அறவிடலாம். டெங்குப் பருவத்தில் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டமும் பொதுச் சுகாதார பரிசோதகருக்குக் கைகொடுக்கும்.

துப்புரவு செய்த உரிமை காணியின் உரிமையாகாது. யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்களின் காணிகளை மற்றவர்கள் நீண்டகால ஆட்சியைக் காட்டி உரித்தாக்கிக்கொள்வதைத் தடுக்கவே, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்துக்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விசேட பாதுகாப்புக் கொடுத்தது. உரிமையாளர் எழுத்தில் சம்மதித்தால் தற்காலிகமாக விளையாடலாம். கட்டுமானம் எதுவும் வேண்டாம்.

13. சந்தைக் கட்டடம் திறப்பு விழாவோடு பூட்டிக் கிடக்கிறது. திறக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா?

கடைகளைக் கேள்விமனு மூலம் குத்தகைக்குக் கொடுக்கவும் கட்டணம் நிர்ணயிக்கவும் சபைக்கு அதிகாரம் உண்டு. பயன்படுத்தவில்லையென்றால் அது பெரும்பாலும் மின்கட்டணத்துக்கும் காவலாளிக்கும் பாதீட்டில் எதுவும் வைக்காததன் விளைவு. கட்ட நிதி தந்தவர்கள் நடத்த நிதி தருவதில்லை. எனவே கட்டடம் கேட்கும் கடிதத்திலேயே அதை யார் நடத்துவது என்றும் எழுதுங்கள்.

14. போன சபை தீர்மானம் எடுத்தது. புதிய சபை அதை மதிக்க வேண்டாமா?

2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6 தேர்தலின் பின்னரே புதிய சபைகள் அமைந்தன. இடைக்காலத்தில் செயலாளர்களும் ஆணையாளர்களும் நிருவாகம் நடத்தினர். அதனால் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது.

சபை தொடர்ச்சியுள்ள கூட்டுருவம். ஆட்கள் மாறினாலும் அது மாறுவதில்லை. கைச்சாத்திட்ட ஒப்பந்தமும் பதிவான நன்கொடை உறுதியும் புதிய சபையையும் கட்டும். வெறும் தீர்மானத்தைப் புதிய சபை முறைப்படி மாற்றலாம். இதனால்தான் 9ஆம் கேள்வியில் எழுத்துமூல உடன்படிக்கையை வலியுறுத்தினேன்.

15. சபை எங்கள் ஊருக்கென்று தானே ஒரு சட்டம் இயற்ற முடியுமா?

துணைவிதி இயற்றலாம், குப்பை, கட்டாக்காலி மாடு, விளம்பரப் பலகை போன்றவற்றுக்கு அது பயனுள்ள கருவி. ஆனால் உள்ளூராட்சிக்குப் பொறுப்பான மாகாண அமைச்சரின் அனுமதியும் வர்த்தமானிப் பிரசுரமும் இன்றி அது நடைமுறைக்கு வராது. 2013இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் தெரிவான அமைச்சர் எவரும் இல்லாததால், அந்த அனுமதி ஆளுநரிடமிருந்தே வருகிறது.

16. சபைக் குழுக்களில் சாதாரண ஊரவர் இருக்கலாமா?

இருக்கலாம். பிரதேச சபைகள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி அமைக்கப்படும் குழுக்களில், வீடமைப்பு மற்றும் சமூக அபிவிருத்திக் குழு உட்பட, உறுப்பினரல்லாத வதிவாளர்களையும் சேர்க்க இடமுண்டு. இந்த வாய்ப்பைக் கேட்டு எழுதும் சங்கங்கள் மிகக் குறைவு.

17. வேலைக்கு எவ்வளவு செலவானது என்று கேட்டால் ‘அது அலுவலக விடயம்’ என்கிறார்கள்.

அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எல்லா உள்ளூராட்சி மன்றங்களுக்கும் பொருந்தும். மதிப்பீடு, அளவீட்டுத் தாள், கொடுப்பனவுச் சிட்டை ஆகியவற்றைப் பெயர்சொல்லி, சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அங்கும் தீராவிடின் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. ‘முழு விபரமும் தருக’ என்று பொதுவாகக் கேட்பவருக்குப் பொதுவான பதிலே கிடைக்கும்.

18. இவ்வளவுக்குப் பின்னும் சபை அசையாவிடின் நீதிமன்றம் போகலாமா?

போகலாம், ஆனால் எதற்கு என்பதைப் பொறுத்தது. சபை தன் அதிகாரத்தை மீறிச் செய்ததை இரத்துச் செய்யவும், சட்டம் விதித்த கடமையைச் செய்யுமாறு ஆணையிடவும் மாகாண மேல் நீதிமன்றத்திடம் எழுத்தாணை கேட்கலாம். ஆனால் 3ஆம் கேள்வியில் சொன்ன அபிவிருத்தி அதிகாரங்களில் பெரும்பாலானவை சபையின் தற்துணிபுக்குரியவை. இந்த ஆண்டு எங்கள் ஒழுங்கைக்கு ஏன் போடவில்லை என்று நீதிமன்றம் சபைக்காகத் தீர்மானிக்காது; விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவே மறுத்தார்கள், அல்லது பாரபட்சமாக நடந்தார்கள் என்று காட்டினால் கேட்கும்.

சபைக்கு எதிராக நட்டஈட்டு வழக்குத் தொடர்வதானால், ஒரு மாத எழுத்துமூல முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். வழக்குத் தொடரும் காலமும் குறுகியது. எனவே மதகு இடிந்து வேலி விழுந்த அன்றே படம் எடுத்து, திகதியிட்ட கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தச் சிட்டையைப் பத்திரப்படுத்திக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள்.